வாசற்படியில் ஒரு கால்

கண்ணனின் வெண்ணெய்த் திருட்டைப் பாடிப் பாடி, குழந்தைக் குறும்பு என்றாலே திருட்டுதான் என்றொரு மயக்கம் நமக்கு வந்துவிட்டது. திருடும் குழந்தை விதியை மீறுகிறது. மீறுகிறோம் என்பது அதற்குத் தெரியும். அதனால்தான் ஓடி ஒளிகிறது. இரண்டரை, மூன்று வயதில் வீடுகளில் நான் பார்ப்பது பெரும்பாலும் வேறொன்று. விதியை மீறாமலே அதைக் கடந்துபோகும் வித்தை அது. இதற்கு நம் மரபில் ஒரு முன்னோடியைக் காட்டச் சொன்னால் நரசிம்மத்தைத்தான் காட்டுவேன். இரணியன் வாங்கிய வரத்தில் பகலும் இரவும், உள்ளும் புறமும், மனிதனும் விலங்கும் தனித்தனியே அடைக்கப்பட்டிருந்தன. அந்தியையும் வாசற்படியையும் சேர்க்க அவன் மறந்துபோனான். வரம் பொய்க்கவில்லை, சொல்லுக்குச் சொல் காப்பாற்றப்பட்டது. அவன்தான் பிழைக்கவில்லை.

என் தங்கை மகள் அந்த வழியில் வந்தவள். வாசலைத் தாண்டக் கூடாது என்றால், படியில் அமர்ந்து ஒரு காலை மட்டும் தெருப்பக்கம் தொங்கவிட்டிருப்பாள். "ஒரே ஒரு பிஸ்கட்தான்" என்றால் வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று. ஒவ்வொரு கையையும் தனியே நீட்டி "ஒண்ணுதான்" என்று கணக்குக் காட்டுவாள். புத்தக அலமாரியில் கை வைக்காதே என்று நான் சொன்ன அன்று மூக்கை வைத்தாள். சுவரில் கிறுக்கக் கூடாது என்ற ஆணை பிறந்த பிற்பகலில், உறங்கிக்கொண்டிருந்த தாத்தாவின் வேட்டி கிடைத்தது. எல்லாவற்றிலும் மேலானது நவராத்திரிச் சுண்டல் வழக்கு. சாமி சாப்பிடும் முன் வாயில் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு என் அம்மா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கொலுவில் கீழ்ப்படிப் பிள்ளையாரின் தும்பிக்கை ஓரத்தில் ஒரு கடலை ஒட்டிக்கொண்டிருந்தது. "சாமி சாப்டாச்சு" என்றாள், மென்றபடியே.

இதை அடங்காமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்விட்சர்லாந்தில் கோலி ஆடும் பிள்ளைகளைக் கவனித்து ழான் பியாஜே 1932இல் ஒரு நூல் வெளியிட்டார். சிறு பிள்ளைகள் ஆட்ட விதிகளைப் பெரியவர்கள் தந்த, மாற்றவே கூடாத புனிதப் பொருளாக மதிக்கிறார்கள், ஆனால் ஆடுவதோ தம் போக்கில் என்பது அவர் கண்ட விந்தை. அவர் பார்த்தவர்கள் எங்கள் வீட்டாளைவிட மூத்தவர்கள்தாம். ஆயினும் சொல்லின் மேல் உள்ள மரியாதை ஒன்றே என்று தோன்றுகிறது. சொல்லை அசட்டையாகக் கையாள்பவர்கள் நாம்தான். "தொடாதே" என்கிறோம், நினைப்பது "கிழித்துவிடாதே" என்பதை.

இந்தச் சாமர்த்தியத்தின் முன் நாம் வழக்கமாக இரண்டு காரியங்கள் செய்கிறோம். ஒன்று, திருத்தம் கொண்டுவருவது: மூக்கும் கூடாது, முழங்காலும் கூடாது. (1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் இப்படித்தான் பெருத்தது.) மற்றது, வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்து, "எங்கே, மாமாவுக்கு ஒருதரம் செஞ்சு காட்டு" என்று கேட்பது. திருத்தத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். தானாக யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்த குழந்தையை வித்தை காட்டுபவளாக ஆக்குவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. அடுத்த வாரம் அவள் விதியைப் பார்ப்பதில்லை. நம் முகத்தைப் பார்க்கிறாள். சிரிப்பு வருகிறதா என்று.

இன்னொன்றும் உண்டு, அது சிரிப்பதற்கில்லை. சுண்டலுக்கும் எரிவாயு அடுப்புக்கும் நாம் ஒரே "கூடாது"தான் வைத்திருக்கிறோம். அடுப்பைக் கையால் தொடாதே என்ற இடத்தில் மூக்கை வைத்தால் என்ன ஆகும்? ஆகவே நெருப்பு, மின்சாரம், தெரு இம்மூன்றிலும் சொல்லை நம்பக் கூடாது என்பது என் கட்சி. சமைத்து முடித்ததும் சிலிண்டரை மூடுங்கள். தீப்பெட்டியை எட்டாத உயரத்தில் வையுங்கள். மற்ற வழக்குகளில் அவள் வாதம் சரியென்றால் தீர்ப்பையும் அவள் பக்கம் எழுதிவிடலாம். பெரியவர்கள் தம் சொல்லுக்குத் தாமே கட்டுப்படுவார்கள் என்று ஒரு குழந்தை தெரிந்துகொள்ள, இரண்டாவது பிஸ்கட் அப்படியொன்றும் பெரிய விலை இல்லை.

எங்கள் வாசற்கதவுக்கு மேல்தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது. வேட்டியில் மெழுகு வண்ணம் போகவில்லை. தாத்தா அதைத்தான் உடுத்திக்கொண்டு ரேஷன் கடைக்குப் போகிறார்.