தொற்றுக் காலத்தில் சட்டமா முதலாளியின் கையைக் கட்டியது?

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, பிரிக்பீல்ட்ஸ் வாழையிலை உணவகங்கள் பொட்டலம் கட்டித்தர மட்டுமே அனுமதி பெற்றன. முடிதிருத்தும் நிலையங்களோ ஜூன் 10 வரை கதவைத் திறக்கவே முடியவில்லை. அந்த மூன்று மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறுதொழில் முதலாளிகளிடையே ஒரு கருத்து வேரூன்றியது. தொழிலாளர் சட்டங்கள் சாதாரண நாட்களுக்காக எழுதப்பட்டவை. நோய் நாட்டை முடக்கும்போது அவை முதலாளியின் கையைக் கட்டிவிடுகின்றன. அடுத்த முறை அவற்றை ஒத்திவைத்தால்தான் தொழில் பிழைக்கும். வர்த்தகச் சங்கக் கூட்டங்களில் இன்றும் கேட்கும் வாதம் இது.

இந்த வாதத்தின் பின்னால் இருக்கும் வலி உண்மையானது. 2020இன் இரண்டாம் காலாண்டில் மலேசியப் பொருளாதாரம் 17.1 விழுக்காடு சுருங்கியது. மே மாதத்தில் வேலையின்மை 5.3 விழுக்காட்டைத் தொட்டது. வாடகைக்கும் சம்பளத்துக்கும் நடுவே நசுங்கிய கடைக்காரர்களின் கண்ணீரை யாரும் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் அந்த வலிக்குக் காரணம் சட்டம் என்ற முடிவு தவறு. வாதத்தின் ஒவ்வொரு பகுதியையும் சட்டநூலோடு ஒப்பிட்டால் அது புலப்படும்.

அரசே மூடச் சொன்னது, ஆகவே ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்பது முதல் வாதம்

1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 57ஆவது பிரிவில், நிறைவேற்றவே இயலாமல் போன ஒப்பந்தம் செல்லாது என்கிறது. பல முதலாளிகள் பிடித்துக்கொண்டது இந்தப் பிரிவைத்தான். ஆனால் சில வாரங்களோ சில மாதங்களோ கடை மூடியிருப்பது வேறு, அந்த வேலையே இனி உலகில் இல்லை என்பது வேறு. திறக்கும் தேதிக்காகக் காத்திருக்கும் கடையின் வேலை ஒப்பந்தம் இறந்துவிடவில்லை.

நாடாளுமன்றமும் இதே நிலையைத்தான் எடுத்தது. கோவிட்-19 பாதிப்பைக் குறைக்கும் தற்காலிக நடவடிக்கைகளுக்கான 829ஆவது சட்டம் 2020 அக்டோபர் 23இல் அரசிதழில் வெளியானது. நோயின் காரணமாகக் கடமையை நிறைவேற்ற முடியாதவர்களுக்கு அதன் 7ஆவது பிரிவு பாதுகாப்பு தந்தது. எந்தெந்த ஒப்பந்தங்களுக்கு அந்தப் பாதுகாப்பு என்று பட்டியலும் போட்டது. கட்டுமானம், தொழில்முறைச் சேவை, வணிக இடங்களின் வாடகை, நிகழ்ச்சி ஏற்பாடு, சுற்றுலா ஆகியவை அதில் உண்டு. வேலை ஒப்பந்தம் இல்லை.

அதே சட்டம் தொழிலாளர் விவகாரத்திலும் ஒரு தளர்வைத் தந்தது. நியாயமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் 60 நாட்களுக்குள் முறையிட வேண்டும் என்பது விதி. 2020 மார்ச் 18 முதல் ஜூன் 9 வரையிலான நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றது புதிய சட்டம். நெருக்கடிக்காகவே எழுதிய சட்டம், தொழிலாளியின் உரிமையை ஒத்திவைக்கவில்லை. அதைக் காக்கும் கால அவகாசத்தை நீட்டித்தது.

வேலை இல்லையென்றால் சம்பளமும் இல்லை என்பது இரண்டாம் வாதம்

தொழிலாளி வேலைக்கு வர மறுத்தால் இந்த வாதத்துக்கு இடமுண்டு. வரத் தயாராக இருப்பவருக்கு வேலை கொடுக்க முடியாத நிலையில் இருப்பவர் முதலாளி. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் மஸ்ஜித் இந்தியா வட்டாரத்துச் சிலாங்கூர் மேன்ஷன், மலாயன் மேன்ஷன் கட்டடங்களைச் சுற்றி முள்கம்பி போடப்பட்டபோது, அங்கே குடியிருந்த கடைத் தொழிலாளர்கள் வெளியே காலெடுத்து வைக்க முடியவில்லை. சொல்லாமல் இரண்டு நாட்களுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவர் என்று 1955 வேலைவாய்ப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் தகுந்த காரணம் இருந்து, அதைத் தெரிவிக்கவாவது முயன்றிருந்தால் அப்படி இல்லை என்றும் அதே சட்டம் சொல்கிறது. அரசாணையைவிடத் தகுந்த காரணம் வேறு என்ன இருக்க முடியும்?

மனிதவள அமைச்சு மார்ச் மாதமே வெளியிட்ட கேள்வி-பதில் தொகுப்பு, கட்டுப்பாட்டு ஆணைக் காலத்தில் முழுச் சம்பளம் தர வேண்டும், ஆண்டு விடுப்பை எடுக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்றது. இதைக் காட்டித்தான் சட்டம் இரக்கமற்றது என்கிறார்கள். ஆனால் சம்பளக் குறைப்புக்கும் சம்பளமில்லா விடுப்புக்கும் வழி அடைக்கப்படவில்லை. தொழிலாளியோடு பேசி, அவர் சம்மதத்தை எழுத்தில் வாங்கினால் இரண்டும் செல்லும். சம்மதம் இல்லாமல் ஒரு நாள் காலை வாட்ஸ்அப் குழுவில் பாதிச் சம்பளம் என்று அறிவித்தால், அது ஒப்பந்தத்தின் ஆணிவேரை அறுப்பதாகும். அப்படி அறுத்தால் தொழிலாளி தானே விலகினாலும் முதலாளி நீக்கியதற்குச் சமம் என்ற கோட்பாட்டை, 1980களிலேயே உச்ச நீதிமன்றம் கேத்தே நிறுவன வழக்கில் உறுதி செய்துவிட்டது.

சுமை முழுவதையும் முதலாளி தலையில் வைத்துவிட்டு அரசு ஒதுங்கவும் இல்லை. 2020 ஏப்ரல் 6ஆம் தேதி விரிவாக்கப்பட்ட சம்பள மானியத் திட்டத்தில், 75 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு ஒரு தொழிலாளிக்கு மாதம் 1,200 வெள்ளியும், 76 முதல் 200 பேர் வரை உள்ளவற்றுக்கு 800 வெள்ளியும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 600 வெள்ளியும் ஒதுக்கப்பட்டது. ஆட்களை நீக்காமல் வைத்திருப்பது அதன் நிபந்தனை. சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோ வழியாகத்தான் பணம் வந்தது. ஆகவே அதற்கு முன்பு ஆண்டுக்கணக்கில் சந்தா கட்டாமல், பதிவு செய்யாமல் ஆட்களை வேலைக்கு வைத்திருந்தவர்கள் அந்தக் கதவைத் தட்டவே முடியவில்லை. சட்டத்தை முன்பே மதித்தவர்களுக்குத்தான் நெருக்கடியில் உதவி எட்டியது.

ஆட்குறைப்புக்குச் சட்டம் இடம் தரவில்லை என்பது மூன்றாம் வாதம்

இடம் தருகிறது. தொழில் சுருங்கி, உபரியாக ஆட்கள் இருந்தால் குறைத்துக்கொள்ளும் உரிமை முதலாளிக்கு உண்டு என்பதை மலேசிய நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப ஏற்றிருக்கின்றன. அவை கேட்பது நேர்மை ஒன்றைத்தான். உண்மையிலேயே ஆள் மிகுந்துபோனதா? பிடிக்காதவரை அனுப்ப நோய் ஒரு சாக்கா?

1975ஆம் ஆண்டின் தொழில் நல்லிணக்க நடத்தை நெறி, ஆட்குறைப்புக்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது: மிகைநேர வேலையைக் குறைப்பது, புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்துவது, வேலை நேரத்தைச் சுருக்குவது, முன்கூட்டியே தெரிவிப்பது. கடைசியில் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும். ஒரே வகை வேலையில் வெளிநாட்டவர் இருந்தால் உள்ளூர்க்காரருக்கு முன் அவர் விலக வேண்டும் என்று வேலைவாய்ப்புச் சட்டம் 60என் பிரிவில் சொல்கிறது. ஆட்குறைப்பை அறிவிக்கும் பி.கே. படிவத்தைத் தொழிலாளர் இலாகாவுக்கு 30 நாட்களுக்கு முன் அனுப்ப வேண்டும்.

ஈட்டுத்தொகையும் மறைவாக இல்லை. 1980ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஓராண்டு நிறைவு செய்து இரண்டாண்டுக்குக் குறைவாக இருந்தவருக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை 15 நாள். ஐந்தாண்டுக்கு மேல் 20 நாள். மாதம் 1,500 வெள்ளி வாங்கி ஆறாண்டு உழைத்தவருக்கு இது 120 நாள் சம்பளம், ஏறத்தாழ நான்கு மாதத்துக்கு ஈடு. நோட்டீஸ் காலம் தனி. இந்த வழியை விட்டுவிட்டு அவரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினால், தொழிலியல் நீதிமன்றம் விதிக்கக்கூடிய பின்சம்பளம் மட்டுமே அதிகபட்சம் 24 மாதம், அதாவது 36,000 வெள்ளி. 1967ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டம், 20ஆவது பிரிவு, சம்பள வரம்பு எதுவும் பார்ப்பதில்லை. மேலாளரும் அதில் முறையிடலாம். பல முதலாளிகளைப் பின்னாளில் நஷ்டத்தில் தள்ளியது விதியல்ல, விதியைத் தாண்டிய அவசரம்.

நோய் யாருக்கும் வரும், அதற்கு முதலாளி என்ன செய்வார் என்பது நான்காம் வாதம்

இந்த வாதத்துக்குக் கிள்ளானே பதில் சொல்லும்.

உலகின் மிகப் பெரிய ரப்பர் கையுறை நிறுவனமான டாப் குளோவ், நோயால் உலகமே கையுறை தேடியபோது வரலாறு காணாத லாபம் ஈட்டிக்கொண்டிருந்தது. 2020 நவம்பரில் கிள்ளானிலுள்ள அதன் தொழிலாளர் விடுதிகளிலிருந்து தெராத்தாய் என்று பெயரிடப்பட்ட தொற்றுத் திரள் வெடித்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று. 28 தொழிற்சாலைகளைப் படிப்படியாக மூட உத்தரவு. டிசம்பரில் நேபாளத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். நெருக்கி அடுக்கிய கட்டில்களும் காற்றோட்டமற்ற அறைகளும் நோய் பரவ வழிவிட்டன. அவற்றைச் சரிசெய்யும் பணம் அந்த நிறுவனத்திடம் இருந்தது.

சட்டமும் இருந்தது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், 15ஆவது பிரிவில், நடைமுறைக்கு இயன்ற அளவு ஊழியரின் நலம் காக்கும் கடமையை முதலாளி மீது சுமத்துகிறது. தங்குமிடத் தரத்துக்கான 446ஆவது சட்டம் 1990இல் தோட்டங்களையும் சுரங்கங்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது; லயங்களில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு அதன் தேவை விளக்கத் தேவையில்லை. 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் 1 முதல் எல்லாத் துறைகளையும் அது எட்டியது. மீறலுக்கு 50,000 வெள்ளி வரை அபராதம். 2021 மார்ச்சில் அந்த நிறுவனத்தின் மீதே இந்தச் சட்டத்தின்கீழ் 10 குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. அதே மாதம், கட்டாய உழைப்புக்கான சான்றுகளைக் காட்டி அமெரிக்கச் சுங்கத்துறை அதன் மலேசியக் கையுறைகளைத் தடுத்தது. தடை நீங்க செப்டம்பர் வரை ஆனது.

இதே கிள்ளானில் 1901இல் மலேரியா மக்களைக் கொத்துக்கொத்தாகச் சாய்த்தபோது, மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலத்தை வடியவைத்து அதைக் கட்டுப்படுத்தினார். அவர் காட்டிய வழி பிறகு தோட்டங்களுக்கும் பரவியது. தொழிலாளி தூங்கும் இடத்தைச் சுத்தப்படுத்துவதே நோயை நிறுத்தும் வழி என்பது இந்த ஊருக்கு நூறாண்டுப் பழைய பாடம்.

சிறுகடைகளைச் சட்டமே சாய்த்தது என்பது கடைசி வாதம்

இதில் பாதி உண்மை உண்டு. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சம்பள மானியம் மலேசியத் தொழிலாளர்களுக்கு மட்டுமே கிடைத்தது. தமிழ்நாட்டிலிருந்து ஆள் எடுத்து நடத்தும் உணவகங்களும் முடிதிருத்தும் நிலையங்களும், அந்த ஆட்களின் சம்பளத்தையும் தங்குமிடத்தையும் தாங்களே சுமந்தன. அமைச்சின் கேள்வி-பதில் தொகுப்புகள் அடுத்தடுத்து வந்தன. அவற்றுக்குச் சட்டத்தின் பலம் இருந்ததா என்ற குழப்பம் வழக்கறிஞர்களுக்கே இருந்தது. வழிகாட்டுதல் தெளிவாகவும் விரைவாகவும் வராததால் பலர் தவறான முடிவெடுத்தனர்.

ஆனால் இந்தக் குறைகள் உதவித் திட்டத்தின் வரையறையிலும் நிர்வாகத்தின் வேகத்திலும் இருந்தவை. தொழிலாளர் சட்டத்தை ஒத்திவைத்தால் இவற்றில் ஒன்றும் தீராது. 2023 ஜனவரி 1 முதல் வேலைவாய்ப்புச் சட்டம், சில பிரிவுகள் தவிர, சம்பள வரம்பின்றி எல்லா ஊழியருக்கும் விரிந்துவிட்டது. அடுத்த தொற்று வரும்போது இன்னும் அதிகமான முதலாளிகள் இந்தக் கேள்விகளைச் சந்திப்பார்கள்.

ஆகவே வர்த்தகச் சங்கங்கள் கேட்க வேண்டியவை வேறு. பொதுச் சுகாதார ஆணையால் கடை மூடினால் சம்பளத்தை யார், எவ்வளவு, எத்தனை நாள் தாங்குவது என்பது கேள்வி-பதில் தாளில் அல்லாமல் சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பெர்கேசோவுக்குச் சந்தா கட்டிய ஒவ்வொரு தொழிலாளிக்கும், வெளிநாட்டவர் உட்பட, மானியம் கிடைக்க வேண்டும். சம்மதக் கடிதம், பி.கே. படிவம், 446ஆவது சட்டம் கேட்கும் விடுதிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் உதவி மையங்கள் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் இப்போதே திறக்கப்பட வேண்டும்.