சந்திரனை அணைக்கச் சென்ற ஊர்

ஒவ்வோர் ஊருக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, அவ்வூரார் தாமே வழங்குவது. அது சாஸனங்களிலும் தேசப் படங்களிலும் காணப்படும். மற்றொன்று, பக்கத்து ஊரார் பரிகாசமாய் வைத்தது. அது எந்த ஏட்டிலும் இராது, ஆனால் சந்தையிலும் சாவடியிலும் அதுதான் செல்லும். முதற் பெயரை ஒரு ஜனசமூகம் எப்படிப் பெற்றது என்பதை அறிவதால் அதன் சரித்திரம் தெரியும். இரண்டாவது பெயரை எப்படித் தாங்கிக் கொண்டது என்பதை அறிவதாலோ அதன் குணம் தெரியும். இதற்கு உதாரணமாக ஐரோப்பாவின் ஒரு சிறு நகரத்தின் கதையை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பெல்ஜிய தேசத்தில், பிரஸ்ஸல்ஸ் நகருக்கும் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கும் நடுவே மெக்கெலன் என்னும் நகரம் இருக்கிறது. இன்று அது பெரிய நகரமன்று. ஆயினும் ஒரு காலத்தில் அத்தேசப் பகுதி முழுவதற்கும் ராஜதானியாக விளங்கியது. ஆஸ்திரிய வமிசத்து மார்கரெட் இளவரசி, 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்துதான் நிர்வாகம் நடத்தினாள். பிற்காலத்தில் பாதி ஐரோப்பாவை ஆண்ட ஐந்தாம் சார்லஸ் சக்கரவர்த்தி, அந்த அத்தையின் பராமரிப்பில் அங்கேதான் வளர்ந்தான்.

நகரின் நடுவே புனித ரம்போல்ட் ஆலயத்தின் கோபுரம் நிற்கிறது. 1452-ம் வருஷம் அதன் வேலை தொடங்கிற்று. 167 மீட்டர் உயரத்துக்கு எழுப்ப வேண்டுமென்பது கருத்து. ஆனால் 97 மீட்டரோடு, அதாவது சுமார் 320 அடியோடு, 1520-ம் வருஷத்தையொட்டி வேலை நின்றுவிட்டது. சிகரமில்லாத அந்த மொட்டைக் கோபுரமே ஊராருக்கு உயிர். இசை எழுப்பும் மணிகள் அதில் தொங்குகின்றன. மேலே செல்ல 538 படிகள் ஏற வேண்டும். இந்தப் படிகளை நேயர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். நம் கதைக்கு அவை தேவை.

1687-ம் வருஷம் ஜனவரி மாதம் 27-ந் தேதி இரவு. குளிர்காலம், மூடுபனி கவிந்திருந்தது. மதுக்கடையிலிருந்து வெளியே வந்த ஒருவன் தலையை நிமிர்த்திப் பார்த்தான். கோபுரத்தின் உச்சி செக்கச்செவேலென்று ஒளிர்ந்தது. "தீ! தீ!" என்று அலறினான். ஊர் விழித்துக் கொண்டது. அபாய மணி ஒலித்தது. நகராதிகாரிகள் முதல் கூலியாள் வரை எல்லோரும் ஓடிவந்தார்கள். வாளி வாளியாகத் தண்ணீர் கைமாறி அந்தப் படிகளில் ஏறிற்று. உச்சியை அடைவதற்குள் பனி சற்றே விலகியது. அப்போதுதான் உண்மை தெரிந்தது. அது தீயன்று, பனிப்படலத்தின் ஊடே ஒளி வீசிய சந்திரன்!

இந்தக் கதை அந்நகரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுவது. வாய்வழியாக வந்த கதையில் கொஞ்சம் மெருகு ஏறாமல் இராது. ஆனால் ஒரு விஷயம் சுவாரஸ்யமானது. சந்திரனின் கதியைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், அந்த இரவு ஏறக்குறையப் பௌர்ணமியாகவே அமைகிறது. கதை கட்டியவர்கள் திதியைப் பிசகாமல் கட்டியிருக்கிறார்கள் என்றாவது சொல்லத்தான் வேண்டும்.

விஷயத்தை வெளியில் விடக் கூடாதென்று ஊரார் தங்களுக்குள் பேசிக் கொண்டார்களாம். ஆனால் ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆண்ட்வெர்ப்வாசிகள் காதில் விழுந்தவுடனே, மெக்கெலன்வாசிகளுக்கு "மானெப்ளுஸ்ஸர்" என்று பெயர் சூட்டிவிட்டார்கள். "சந்திரனை அணைப்போர்" என்பது அதன் பொருள். இன்றுவரை அப்பெயர் மாறவில்லை.

நகைப்பதற்கு முன் நேயர்கள் ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும். தீ என்ற சொல்லுக்கு அவ்வூரார் ஏன் அப்படி நடுங்கினார்கள்? 1546-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி, வெடிமருந்து நிறைந்திருந்த ஒரு கோட்டை வாயிலின்மீது இடி விழுந்தது. நகரத்தில் நூற்றுக்கணக்கான வீடுகள் சிதைந்தன, அநேகர் மாண்டனர். அந்தப் புண் ஆறுவதற்குள் 1572-ல் அந்நிய ஆதிக்கத்தின் கொடுமை வந்து சேர்ந்தது. ஸ்பானிய அரசின் படைகள் நகரில் புகுந்து மூன்று நாள் கொள்ளையடித்தன. இவற்றைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுடைய வழித்தோன்றல்கள், நள்ளிரவில் கோபுரம் சிவந்திருக்கக் கண்டால் எப்படி நிதானமாய் நின்று ஆராய்வார்கள்? அவர்கள் கண் பிசகியது உண்மை. ஆனால் தம் ஊர்ப் பொதுச் சொத்துக்கு ஆபத்து என்றவுடன், "யாராவது பார்த்துக் கொள்வார்கள்" என்று எவனும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கவில்லை. பரிகசித்த அயலார் சந்திரனை மட்டும் பார்த்தார்கள். படியேறிய வாளிகளைப் பார்க்கவில்லை.

இனி மெக்கெலனின் ராக்ஷசக் குடும்பத்தை அறிமுகம் செய்கிறோம். பெல்ஜியத்திலும் வட பிரான்ஸிலும் திருவிழா ஊர்வலங்களில் பிரம்மாண்டமான பாவைகளைக் கொண்டு செல்லும் வழக்கம் 14-ம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. ஆதியில் மத சம்பந்தமான ஊர்வலங்களில், வேதாகமக் கதைகளை எழுத்தறியாத ஜனங்களுக்குக் கண்முன் காட்டுவதற்காக இவை ஏற்பட்டன. நாளடைவில் சரித்திர வீரர்களும் கதாபாத்திரங்களும் உள்ளூர்ப் பிரமுகர்களும் ராக்ஷச உருவெடுத்து வீதிக்கு வந்தார்கள். சில பாவைகள் 9 மீட்டர் உயரமும் 350 கிலோ எடையும் உள்ளவை. பிரம்பாலோ மரத்தாலோ கூடு கட்டி, மேலே செதுக்கிய தலையைப் பொருத்தி, பட்டாடை உடுத்திவிடுவார்கள். பல ஊர்களில் அந்தக் கூட்டுக்குள்ளே மனிதர் நின்று தோளில் தாங்கி ஆடுவார்கள்.

மெக்கெலனில் இப்படி ஒரு ராக்ஷசனும் ராக்ஷஸியும் மட்டுமல்ல, அவர்களுக்கு மூன்று குழந்தைகளும் உண்டு, பாட்டனும் உண்டு! நான்கு சகோதரர்களைச் சுமந்து செல்லும் "ரோஸ் பையார்ட்" என்ற மாயக் குதிரையும் கூடவே வரும். ஊர்வலத்துக்கு "ஒம்மெகாங்" என்று பெயர். சுற்றி நடத்தல் என்பது அதன் நேர்ப்பொருள். நாம் பிரதக்ஷிணம் என்கிறோமே, ஏறக்குறைய அதுதான். 25 வருஷத்துக்கு ஒரு முறையே இந்த வைபவம் நடைபெறுகிறது. கடைசியாக 2013-ல் நடந்தது. அடுத்தது 2038-ல் வர வேண்டும். ஒரு மனிதன் தன் ஆயுளில் மூன்று முறை பார்த்தால் அதிகம்.

அந்தப் பரிவாரத்தில் உருவத்தால் சிறியவன், ஆனால் புகழால் பெரியவன், ஒருவன் இருக்கிறான். 1647-ல் செய்யப்பட்ட மரப்பாவை அது. குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் புருஷனின் உருவம். ஊர்வலத்தில் ஒரு துணியின் நான்கு பக்கங்களையும் பிடித்துக் கொண்டு, அவனை ஆகாயத்தில் தூக்கித் தூக்கி எறிந்து பிடிப்பார்கள். மனைவியைக் கொடுமை செய்பவனுக்கு ஊரே கூடி அளிக்கும் தண்டனை அது. நீதிமன்றம் தலையிடாத குற்றத்துக்கு வீதி தீர்ப்பளித்தது போலும்!

1775-ம் வருஷ உற்சவத்தில் பாவை கை தவறி ஜனத்திரளின் மேல் பாய்ந்தது. அங்கே நின்ற ஆண்ட்வெர்ப்வாசி ஒருவன், முகத்தில் படாதிருக்கக் கைகளை உயர்த்தித் தடுத்தான். அவ்வளவுதான்! "பாவையைத் திருடுகிறான்!" என்று கூச்சல் கிளம்பியது. விசாரணையின்றி அவனை நையப் புடைத்துவிட்டார்கள். செருக்குள்ள ஆண்ட்வெர்ப்வாசிகளுக்கு "சின்யோர்" என்பது பட்டப்பெயர்; "கனவான்" என்ற பொருளுள்ள ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. அன்று முதல் அந்தக் குடிகாரப் பாவைக்கு "ஒப்ஸின்யோர்க்கெ" என்று பெயர் நிலைத்துவிட்டது. சந்திரனைக் குறித்த பரிகாசத்துக்கு எண்பத்தெட்டு வருஷம் கழித்துக் கிடைத்த பதில் என்று இதை வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் வேடிக்கையோடு நிறுத்திவிட நமக்கு மனம் வரவில்லை. அடிபட்டவன் நிரபராதி. 1687-ல் ஒரு சிவந்த ஒளியைத் தீயென்று நம்பியதால் தண்ணீர்தான் வீணாயிற்று. 1775-ல் உயர்ந்த இரு கைகளைத் திருட்டென்று நம்பியதால் ஒரு மனிதன் நொந்தான். முன்னதைச் சொல்லிச் சிரிக்கலாம். பின்னதைச் சொல்லி ஊரார் வெட்கப்பட வேண்டும்.

இரண்டு பெயர்களையும் மெக்கெலன் மறைக்கவில்லை. உள்ளூர் மதுச்சாலை ஒன்று தன் பானத்துக்கே "மானெப்ளுஸ்ஸர்" என்று பெயர் வைத்து விற்கிறது. பாவையின் சிலை பிரதான சதுக்கத்தில் நிற்கிறது. பக்கத்திலுள்ள கெண்ட் நகரத்தாரும் இவ்விஷயத்தில் சளைத்தவர்களல்லர். வரிக்கு எதிராகக் கிளம்பிய அவர்களை 1540-ல் ஐந்தாம் சார்லஸ் அடக்கி, ஊர்ப் பிரமுகர்களைக் கழுத்தில் சுருக்குக் கயிற்றுடன் வீதியில் நடக்கச் செய்தான். "சுருக்குக் கயிறு சுமப்போர்" என்பது அவர்களுக்குப் பட்டமாயிற்று. இன்று அவர்கள் அதே கயிற்றைத் தாங்களாகவே கழுத்தில் அணிந்து பெருமிதத்துடன் ஊர்வலம் வருகிறார்கள். அடிமைத்தனத்தின் அடையாளமாக ஒருவன் சுமத்தியதை, அடங்கா மனத்தின் அடையாளமாக அவன் பிரஜைகள் ஆக்கிவிட்டார்கள்.

ஸ்பானியர், ஆஸ்திரியர், பிரெஞ்சுக்காரர், டச்சுக்காரர் என்று ஆட்சிகள் மாறிமாறி வந்தன. 1914-ல் ஜெர்மானியப் பீரங்கிக் குண்டுகள் ரம்போல்ட் ஆலயத்தையும் சேதப்படுத்தின. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், கோபுரமும் ராக்ஷசக் குடும்பமும் இருக்கின்றன. 2005-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம், பெல்ஜியத்திலும் பிரான்ஸிலும் உள்ள ஊர்வல ராக்ஷசப் பாவைகளை மானிட குலத்தின் அரும்பெரும் கலைச் செல்வங்களில் சேர்த்தது. அதில் மெக்கெலனும் இடம் பெற்றது.

நம் இல்லங்களில் குழந்தைகளுக்கு இக்கதையைச் சொல்லும்போது, சந்திரனை அணைக்கப் போனவர்களைப் பார்த்து அவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும். சிரித்து முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "அந்த இரவு நீ அங்கிருந்தால், வாளியைத் தூக்கியிருப்பாயா, தூங்கியிருப்பாயா?" அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று பார்க்கலாம்.