தண்ணீர் படக்கூடாத நாளில் தூய்மை

மருத்துவமனையில் சேரும்போது நம்மிடம் பல கேள்விகள் கேட்கப்படுகின்றன. சர்க்கரை நோய் உண்டா, எந்த மருந்து ஒவ்வாது, உணவு சைவமா அசைவமா என வரிசையாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். அந்த வரிசையில் இடம்பெறாத ஒரு கேள்வியைப் பற்றியே இக்கட்டுரை. அந்தக் கேள்வியை யாரும் கேட்காததாலும், நாங்களாகச் சொல்லாததாலும் எங்கள் குடும்பம் பட்ட அல்லலை வேறொரு குடும்பம் படக்கூடாது என்பதே இதை எழுதுவதன் நோக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தா சிறுநீரகச் செயலிழப்பால் நகரின் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். மயிலாப்பூரில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தவர். கச்சேரி சாலைப் பள்ளிவாசலில் வைகறைத் தொழுகையைத் தவறவிடாதவர். டயாலிசிஸ் செய்வதற்காக அவரது கழுத்து நரம்பில் குழாய் பொருத்தியிருந்தார்கள். அந்த இடம் நனையக்கூடாது என்று செவிலியர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆயினும் ஒருநாள் விடியுமுன் குளியலறையில் நீர் விழும் ஓசை கேட்டு நான் விழித்தெழுந்தேன். தலைமுதல் கால்வரை நனைந்து, கழுத்துக் கட்டிலிருந்து நீர் சொட்ட அத்தா வெளியே வந்தார். "ஏன் அத்தா இப்படிச் செய்தீர்கள்?" என்றேன். "தொழ வேண்டும் தம்பி" என்றார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குளிப்பு கடமையாகிவிட்டது என்பதைத் தந்தை மகனிடம் எப்படிச் சொல்வார்?

இரண்டு நாளில் குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் கண்டது. குருதியில் கிருமித்தொற்று என்றார் மருத்துவர். அந்தக் குளியல்தான் காரணம் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் இதயத்தை நோக்கிச் செல்லும் பெரிய நரம்பில் குழாய் இருக்கும்போது கட்டு நனைவது பேராபத்து என்று விளக்கினார். பழைய குழாயை அகற்றி வேறிடத்தில் புதிய குழாய் பொருத்தினார்கள். இரண்டு வாரம் நரம்பு வழியே மருந்து ஏறியது. இறைவன் அருளால் அத்தா பிழைத்தார்.

முஸ்லிம் அல்லாத வாசகர்களுக்காகச் சிறிது விளக்குகிறேன். தொழுகைக்கு முன் முகம், கை, கால்களைக் கழுவுவது உளூ. சில நிலைகளில் அது போதாது. உடல் முழுவதும் நீர் பட வேண்டும். அதுவே குஸ்ல் எனப்படும் கடமைக் குளிப்பு. தாம்பத்திய உறவு, உறக்கத்தில் விந்து வெளிப்படுதல், மாதவிலக்கு முடிதல், பேறுகால உதிரப்போக்கு முடிதல் ஆகியவை அதற்குரிய காரணங்கள். அக்குளிப்பை நிறைவேற்றாமல் தொழ முடியாது. தொழாமல் ஒரு நாள் கழிவதே நோயைவிடப் பெருந்துயரமாக இருப்பவர்கள் உண்டு, அத்தா அத்தகையவர். அண்டை வீட்டு மாமிக்கு இதை நான் விளக்கவேண்டிய தேவையே ஏற்படவில்லை. நீராடாமல் அடுப்படிக்குள் நுழையாத அவருக்கு, குளிக்க முடியாத நோயாளியின் மனவேதனை உடனே புரிந்தது.

ஆனால் அத்தா அன்று குளித்திருக்கவே வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தின் 43ஆம் வசனமும், ஐந்தாம் அத்தியாயத்தின் 6ஆம் வசனமும் நோயாளிக்குத் தயம்மும் என்னும் மாற்று வழியைத் தருகின்றன. தூய மண்ணில் கைகளைப் பதித்து முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்வதே தயம்மும். அது உளூவுக்கும் மாற்று, கடமைக் குளிப்புக்கும் மாற்று. நலம்பெற்று நீரைப் பயன்படுத்த முடிந்தபின் குளித்துக்கொள்ளலாம்.

"துன்பம் தாங்கிச் செய்யும் வணக்கத்துக்கே கூலி அதிகம்" என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் அபூதாவூத் தொகுப்பில் உள்ள ஒரு நிகழ்ச்சியை நினைத்துப் பார்க்க வேண்டும். பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபிகள் நாயகம் அந்தத் தோழர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். அறியாதவர்கள் கேட்டறிந்திருக்க வேண்டாமா என்பதே அந்தக் கண்டனத்தின் சாரம். ஆகவே சலுகையை ஏற்பது மார்க்கத்தில் குறைவு ஆகாது, அதுவும் மார்க்கமே.

நோயாளிகள் அறிந்திருக்க வேண்டிய வேறு சில செய்திகளும் உண்டு.

முதலாவது, மருத்துவமனையில் நேரும் எல்லாவற்றுக்கும் குளிப்பு கடமையாவதில்லை. சோதனைக்குக் குருதி எடுத்தல், அறுவை சிகிச்சை, சிறுநீர்க் குழாய், வயிற்றில் பொருத்திய கழிவுப்பை ஆகியவற்றால் குளிப்பு கடமையாகாது. இடைவிடாமல் கசிவு உள்ளவர் ஒவ்வொரு தொழுகை நேரத்துக்கும் உளூச் செய்தால் போதும். கருப்பைக் கட்டி போன்ற நோயால் மாதவிலக்கு நாள்களுக்கு அப்பாலும் தொடரும் உதிரப்போக்குக்கும் சட்டம் இதுவே. இதை அறியாமல் நாள்தோறும் தலைக்குக் குளித்துத் தளர்ந்துபோகும் பெண்கள் இருக்கிறார்கள்.

இரண்டாவது, மாவுக்கட்டோ தையல் கட்டோ மட்டுமே தடையாக இருந்து, குளிக்க மருத்துவரும் அனுமதித்தால், மற்ற பாகங்களைக் கழுவி, கட்டின்மேல் ஈரக் கையால் தடவிக்கொள்ளலாம். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் அத்துடன் தயம்மும் செய்வர். கட்டின்மேல் ஈரக் கையும் படக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் அதற்கும் வழி உண்டு, ஆலிமிடம் கேளுங்கள்.

மூன்றாவது, குளிப்புக்கு நிறையத் தண்ணீர் தேவையில்லை. நபிகள் நாயகம் ஒரு ஸாஉ அளவு நீரில் குளித்ததாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன; அது ஏறத்தாழ மூன்று லிட்டர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்காக நாம் குடங்களுடன் காத்திருந்தபோது, கால் வாளித் தண்ணீரில் எப்படிக் குளிப்பது என்று எங்களுக்குக் காட்டியவர் அத்தாதான். சோப்பும் ஷாம்பூவும் குளிப்பின் நிபந்தனைகள் அல்ல. நாற்காலியில் அமர்த்தி, ஒரு சிறு வாளி நீரும் குவளையும் கொடுத்தால், நிற்க இயலாத முதியவரும் நிறைவேற்றிவிடலாம். படுக்கையில் ஈரத்துணியால் உடலைத் துடைப்பது சுகாதாரத்துக்கு நல்லது. ஆனால் நீர் ஓடவேண்டிய கடமைக் குளிப்புக்கு அது ஈடாகாது.

நான்காவது செய்தி மிக முக்கியமானது. தயம்மும் செய்வதற்கென மண்ணைப் பொட்டலமாகக் கொண்டுவருவோர் உண்டு. கீமோதெரபியால் வெள்ளணுக்கள் குறைந்தவர்கள், எலும்பு மச்சை மாற்று சிகிச்சை பெற்றவர்கள் அருகே மண்ணைக் கொண்டுவராதீர்கள். மண்ணில் பூஞ்சை வித்துகள் இருக்கும். அவை நுரையீரலைத் தாக்கக்கூடும். பூந்தொட்டிகளை அந்த வார்டுகளில் அனுமதிக்காததும் இதனால்தான். கழுவித் துடைத்த கல்லே போதும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில் புழுதி தேவை. எனவே முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை எடுத்துக்கொண்டு ஆலிமிடம் செல்லுங்கள். நீரும் மண்ணும் இரண்டுமே இயலாதவருக்கும் சட்டநூல்களில் வழி சொல்லப்பட்டிருக்கிறது.

இனி என் வேண்டுகோள். அது இரு தரப்பினருக்கும் உரியது.

மருத்துவமனைகள், சேர்க்கைப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: "வழிபாட்டுக்காக உடல் தூய்மை தொடர்பான தேவை ஏதேனும் உண்டா?" செவிலியர்களுக்கு ஏற்கெனவே பணிச்சுமை மிகுதி, ஒவ்வொரு சமயத்தின் விதிகளையும் அவர்கள் எப்படிக் கற்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் விதிகளைக் கற்க வேண்டியதில்லை. நோயாளி காரணம் கூறாமலேயே "எனக்குக் குளிக்க வேண்டும்" என்று சொன்னால், ஏன் என்று துருவாமல், எந்த இடம் நனையக்கூடாது, நீர் புகாத உறையால் அதை மூட முடியுமா, இன்றைக்குக் குளிக்கலாமா கூடாதா என்று சொன்னால் போதும். பெண்ணுக்குப் பெண்ணும், ஆணுக்கு ஆணும் துணைநின்று, கால்மணி நேரத் தனிமை அளித்தால் பெரும் உதவி. அந்தக் கேள்வியால் பயன்பெறுவோர் முஸ்லிம்கள் மட்டுமல்லர். விடியலில் நீராடி விளக்கேற்ற விரும்பும் மூதாட்டிக்கும் அது பயன்படும். கேட்கப்படாத தேவை மறைவாக நிறைவேற்றப்படும். மறைவாகச் செய்யப்படுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

நோயாளிகளும் உடனிருப்போரும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவர் "கூடாது" என்று சொன்னபின் இரகசியமாகக் குளிக்காதீர்கள். தொழுகையை விட்டுவிட்டு மனம் குமையவும் வேண்டாம். நாணம் ஈமானின் ஒரு பகுதி என்பதை நாம் அறிவோம். ஆனால் மார்க்கத்தைக் கற்பதில் அன்சாரிப் பெண்களின் நாணம் குறுக்கிடவில்லை என்று ஆயிஷா நாயகி அவர்கள் பாராட்டியதையும் அறிவோம். பெற்றோரிடம் நேரடியாகக் கேட்கக் கூசினால், "அத்தா, குளிக்க முடியாவிட்டால் தயம்மும் இருக்கிறது, வேண்டுமானால் ஏற்பாடு செய்கிறேன்" என்று பொதுவாகச் சொல்லிவையுங்கள். மருத்துவமனையில் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. அந்தக் குறை என்னுடையது.

அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு அத்தா பலமுறை மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் மருந்துச் சீட்டுகளோடு, கழுவி உலர்த்திய உள்ளங்கை அகலக் கல் ஒன்றையும் வெள்ளைத் துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். முதல் நாள் காலை அதைக் கட்டிலருகே மேசையில் எடுத்து வைத்தபோது, "இது எதற்கு?" என்று செவிலியர் கேட்டார். அத்தாவே பதில் சொன்னார். தயக்கமில்லாமல், விரிவாகவே சொன்னார்.