பழைய கணிப்பொறியில் பாடல் பதிவு

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. புதிய பதிப்பை ஏற்க இயலாத கணிப்பொறியைத் தூக்கி எறிய மனமின்றி, அதில் லினக்ஸை நிறுவிக்கொண்ட இல்லங்கள் உண்டு. அத்தகைய இல்லத்தில் பாடகர் குழுவைச் சார்ந்த மகனோ மகளோ இருப்பின், "இதில் பாட்டைப் பதிவு செய்யலாமா? எந்த மென்பொருள் சிறந்தது?" என்ற வினாக்கள் உடனே எழுகின்றன. முதல் வினாவிற்கு, செய்யலாம் என்பதே நமது விடை. இரண்டாவது வினாவைச் சற்றுத் திருத்திக் கேட்க வேண்டும் என்போம்: நீங்கள் செய்யப்போகும் வேலை எது?

இசையமைப்பு என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பதற்குள் வெவ்வேறு வேலைகள் அடங்கியுள்ளன. மைக்கின் முன் பாடுவோரின் குரல்களைத் தனித்தனித் தடங்களில் பதிந்து கலப்பது ஒன்று. கணிப்பொறிக்குள் இருக்கும் வாத்திய ஒலிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கித் தாளமும் மெட்டும் புனைவது வேறொன்று. நான்கு குரல்களுக்கும் இசைக்குறிப்பு எழுதி அச்சிடுவது முற்றிலும் வேறு. அதற்கு மியூஸ்ஸ்கோர் இருக்கிறது, இலவசமாகவே கிடைக்கிறது.

இந்த வேறுபாட்டை அறியாமல் இளைஞர் பலர் இடர்ப்படுகின்றனர். எல்.எம்.எம்.எஸ். என்னும் இலவச மென்பொருளைக் காண்கிறார்கள். அழகாக இருக்கிறது, கற்கவும் எளிது. நிறுவிய பின்னர், மைக் வழியே குரலைப் பதியும் வழியைத் தேடித் தேடிச் சலிக்கிறார்கள். அதன் 1.2 வரிசைப் பதிப்பில் அவ்வசதியே இல்லை. அது இரண்டாம் வகை வேலைக்கென அமைந்தது. குறை மென்பொருளிடத்தில் இல்லை. ஆயினும் பழி லினக்ஸின் மீது விழுகிறது.

குரல் பதிவே நோக்கமாயின், நாம் முதலில் பரிந்துரைப்பது ஆர்டோர். தொடக்கத்தில் அதன் திரை திகைப்பூட்டும். ஓரிரு வாரம் பொறுமை வேண்டும். அது பாடிய குரல்களைச் சாதாரண வேவ் கோப்புகளாக ஒரு கோப்புறையில் சேமிக்கிறது. பத்தாண்டுகள் கழித்து அம்மென்பொருளே இல்லாமற்போனாலும், பாட்டியார் பாடிய பாடலை வேறெந்தக் கருவியிலும் கேட்கலாம். இதை நாம் பெரிதாகக் கருதுகிறோம். உருவாக்கியோரின் தளத்தில் ஆயத்தப் பிரதிக்குச் சிறு தொகை கேட்பார்கள். பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களின் களஞ்சியத்தில் கட்டணமின்றியும் கிடைக்கிறது. பணம் செலுத்த இயன்றவர்கள் செலுத்துவதே முறை. ரீப்பரும் நல்லதே: 60 நாள் சோதித்துப் பார்த்த பின், தனிநபர் உரிமத்திற்கு 60 டாலர்.

மென்பொருளைவிட மிகுதியாகத் தொல்லை தருவது தாமதம். பாடுபவர் தம் குரலைக் காதணிக் கருவியில் கேட்குமுன், கணிப்பொறி அதைச் சிறு சிறு பகுதிகளாகச் சேர்த்து அனுப்புகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் நிலையில், ஒரு பகுதிக்கு 256 மாதிரிகள் என வைத்தால் ஏறத்தாழ 5 மில்லிநொடி. 1,024 என வைத்தால் 21 மில்லிநொடி. காற்றில் ஒலி 21 மில்லிநொடியில் ஏழு மீட்டர் செல்லும். ஆலயத்தின் மறுபுறம் நிற்பவரோடு சேர்ந்து பாடும்போது தாளம் நழுவுவதை அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். போகவும் வரவும் இத்தாமதம் உண்டு என்பதால் உண்மையில் அது இன்னும் கூடும். எண்ணை மிகவும் குறைத்தாலோ, பழைய இயந்திரம் ஈடுகொடுக்காமல் ஒலி வெடிக்கும். பாடும்போது குறைத்தும், கலக்கும்போது கூட்டியும் வைத்துக்கொள்க. முன்பு இதற்கெல்லாம் ஜாக் என்னும் இடைநிலை மென்பொருளோடு போராட வேண்டியிருந்தது. 2021-இல் ஃபெடோரா 34 பைப்வயரை ஏற்றது முதல் அப்போராட்டம் பெரிதும் தணிந்துள்ளது.

வாத்தியம் சேர்ப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. மிருதங்கம், தபேலா ஒலிகளுக்காகப் பலர் நம்பியிருக்கும் கான்டாக்ட் லினக்ஸில் நேரடியாக இயங்காது. மாறுமுன், தாம் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒலிகளைப் பட்டியலிட்டுப் பார்ப்பது நலம். அவற்றுள் முக்கியமானவை விண்டோஸையே சார்ந்திருப்பின், மாறாதிருப்பதும் தவறன்று. ஆனால் பூட்டுடைத்த திருட்டு நகலைப் பற்றி வீட்டில் பேச்செழுந்தால், பெற்றோர் வாளாவிருக்கலாகாது. பிறர் உழைப்புக்கு விலை கொடாமல் எடுத்ததைக் கொண்டு தேவாலயப் பாடல் பதிவதா? இலவசமாகவே தரப்படும் நல்ல கருவிகள் இருக்கும்போது அதற்குச் சாக்கும் இல்லை.

செலவிட எண்ணும் பணத்தை, யு.எஸ்.பி.யில் இணையும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டிக்கும் மைக்கிற்கும் வைத்துக்கொள்ளுங்கள். தனி டிரைவர் நிறுவாமலேயே இயங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்; அத்தகையவை லினக்ஸில் பெரும்பாலும் உடனே வேலை செய்யும். பதிவின்போது மின்விசிறியை நிறுத்த மறவாதீர்கள். அதன் இரைச்சலைப் பின்னர் ஆடாசிட்டியில் நீக்கலாமெனினும், குரலின் இனிமையிலும் ஒரு பங்கு அதனோடு போய்விடும்.