தானாக வரும் அக்கறை
புதுக் கார் வாங்கிய நண்பருக்கு மூன்றாம் நாள் நன்றி, மாதம் முடிந்ததும் சர்வீஸ் நினைவூட்டல், பிறந்தநாளுக்கு வாழ்த்து என்று வரிசையாக வருகின்றன. எதையும் மனிதர் அனுப்பவில்லை. 2005இல் வந்த ஜோஹோ சிஆர்எம் போன்ற வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருள்களில் எப்போது, யாருக்கு, என்ன என்று ஒருமுறை விதி எழுதிவிட்டால் போதும். மறதிக்கார விற்பனையாளருக்கு (யார்தான் இல்லை?) இது பெரிய வரம். ஆனால் வண்டியில் ஏதோ சத்தம் என்று அந்த நண்பர் புகார் கொடுத்துக் காத்திருந்த வாரத்தில், 'எங்கள் சேவை பிடித்திருந்ததா?' என்று குழைந்துகொண்டு ஒரு செய்தி வந்ததே, அங்கேதான் மனிதர் கொதித்துப்போனார். புகார் நிலுவையில் இருந்தால் அனுப்பாதே என்று நிபந்தனை போட அந்த மென்பொருளிலேயே வழி உண்டு. அந்தச் செய்திக்குப் பதில் 'இவரை உடனே கூப்பிடு' என்ற வேலையை ஓர் ஊழியர் பெயரில் ஏற்றவும் முடியும். விதி எழுதுகிறவர்களே, முதலில் அந்த நிபந்தனையை எழுதுங்கள்.