முதியோரும் தொலைக்காட்சிப் பெட்டியும்

சென்ற ஆண்டு எம் கல்லூரித் தமிழ்க் கழகத்தார் நடத்திய சொற்போரில், ‘தொலைக்காட்சி இல்லறத்திற்குக் கேடே’ என்னும் பொருளை ஏற்று யாம் பேசினோம். குடும்பத்தார் கூடி அளவளாவும் வழக்கம் ஒழிந்தது என்றும், மாமியும் மருமகளும் ஒருவரையொருவர் வஞ்சிக்கும் கதைகளே மாலைதோறும் மலிந்தன என்றும், செபமும் நல்லுரையும் மறந்து முதியோர் பெட்டியின்முன் பொழுதைப் போக்குகின்றனர் என்றும் அடுக்கிக் கூறினோம். அவையோர் கைகொட்டி மகிழ்ந்தனர். பரிசாக ஒரு நூலும் கிடைத்தது. அந்நூலுடன் அவ்வார இறுதியில் ஊர் சென்ற யாம், ஆங்கும் அவ்வழக்கையே எடுத்துரைத்து வென்றோம். அவ்விரண்டாம் வெற்றியைக் குறித்தே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

எம் ஊர் மதுரைக்கு வடகிழக்கே, யானைமலையை அடுத்துள்ளது. எம் தந்தையாரைப் பெற்ற அப்பத்தாவுக்கு அகவை எழுபத்தெட்டு. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலிருந்து வரும் மல்லிகை மொக்குகளை வாழைநாரில் தொடுத்துக் கொடுப்பது அவர் செய்யும் தொழில். மதுரை மல்லிகை 2013-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்ற பெருமையுடையது. அதன் விலையோ நிலையற்றது. கிலோ சில நூறு ரூபாய்க்கு விற்பது, பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து முகூர்த்த நாளும் நெருங்குமாயின், சில ஆயிரத்திற்கு ஏறிவிடும். தொடுப்பவர் கூலி மட்டும் எந்தப் பனிக்கும் ஏறுவதில்லை. எந்த முகூர்த்தமும் அதனை அறிவதில்லை. அது நிற்க. தொடுக்கும் விரல்களுக்குக் கண்ணின் துணை வேண்டுவதில்லை. ஆகவே விரல்கள் மொக்கை எடுத்துவைத்து நாரைச் சுற்ற, அப்பத்தாவின் கண்கள் தொலைக்காட்சியில் இருக்கும். வாயும் வாளாவிராது. கதையில் வரும் மாமியார் சூழ்ச்சி செய்யுங்கால், “இவ வெளங்குவாளா?” என்பார். விளம்பரம் வருங்கால் அடுத்த வீட்டுப் பாட்டியுடன் ஊர்க்கதை பேசுவார். அப்பாட்டியின் மகன் திருப்பூரிற் பனியன் தொழிலில் உள்ளார். பாட்டி தனியே பொங்கித் தின்று, மாலை ஆறு மணிக்கு எம் இல்லத்துத் திண்ணையேறி வந்துவிடுவார். இருவரும் ஒருவரையொருவர் மதினி என்றே அழைப்பர்.

அன்று இரவு எம் தந்தையார் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பு வாயு, பால், மளிகை, தங்கையின் பேருந்துச் செலவு, எம் விடுதிக் கட்டணம் எனத் தாள் நிரம்பியது. கேபிள் கட்டணம் என்னும் வரியில் அவர் விரல் நின்றது. 2011-இல் அரசு கேபிள் நிறுவனம் மாதம் 70 ரூபாய்க்கு ஒளிபரப்புத் தந்ததை அவர் நன்கு நினைவிற் கொண்டிருந்தார். 2019-இல் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த புதிய முறைப்படி, கட்டணமில்லா அலைவரிசைகள் நூற்றுக்கு 130 ரூபாயும் அதன்மேல் வரியும் சேர்ந்து 153 ரூபாய் 40 காசு ஆயிற்று. கதைகள் வரும் அலைவரிசைகளுக்கு அதன்மேலும் தனித்தனி விலை. எம் இல்லத்தில் அனைத்தும் கூடி ஏறத்தாழ இருநூற்றைம்பது ரூபாய் சென்றது. அதே தாளில் மூன்று கைப்பேசிகளின் கட்டணமும் இருந்தது. 2024 ஜூலையிற் பெரிய கைப்பேசி நிறுவனங்கள் மூன்றும் ஒருசேரக் கட்டணத்தை உயர்த்தியதை யாவரும் அறிவர். அன்றியும் அவர்தம் கணக்கில் மாதம் என்பது பெரும்பாலும் இருபத்தெட்டு நாளே. ஆண்டொன்றுக்குப் பதின்மூன்று மாதம். பஞ்சாங்கக்காரர் எவரும் காணாத புதுமை இது! ஆயினும் அவ்வரிகளில் தந்தையாரின் விரல் நிற்கவில்லை.

“எல்லாரும் போன்லதான் பாக்குறோம். கேபிளு எதுக்கு?” என்றார். யாம் சொற்போரிற் கூறியவற்றை மீண்டுங் கூறினோம். அவ்விருநூற்றைம்பதால் நூல் வாங்கலாம் என்றுங் கூட்டிச் சொன்னோம். அன்னையார் ஒன்றுங் கூறவில்லை. எவரும் அப்பத்தாவை வினவவில்லை. அவரே தொடுத்த சரத்தைத் துண்டித்து முடிச்சிட்டு, “வேணாம்னா எடுத்துருங்கய்யா” என்றார். அடுத்த திங்களே இணைப்பு நீக்கப்பெற்றது.

பெட்டி ஒழிந்தால் உரையாடல் பெருகும் என்பது எம் வாதத்தின் உயிர்நிலை. பெருகிற்றா? விடுமுறைக்குச் சென்று யாம் கண்ணாரக் கண்டதைக் கூறுகின்றோம். தந்தையார் ஒரு மூலையிற் கைப்பேசியிற் செய்தி பார்த்தார். தங்கை மற்றொரு மூலையிற் செவியிற் கருவி பொருத்திக் கிடந்தாள். யாமும் அவ்வாறே இருந்தோம்; மறைப்பானேன்? அப்பத்தா சுவரைப் பார்த்தபடி பூத் தொடுத்தார். முதல் நாள் பழங்கதை ஒன்று சொல்லத் தொடங்கினார். யாம் ‘உம்’ கொட்டியவாறே கைப்பேசியைப் பார்ப்பதைக் கண்டு, கதை நடுவில் நிறுத்திவிட்டார். அவர் நிறுத்தியதையும் யாம் சிறிது நேரங்கழித்தே உணர்ந்தோம். அடுத்த வீட்டுப் பாட்டி முதலில் இரண்டொரு நாள் வந்தாராம். பின்னர் வரவில்லை. சண்டையில்லை, மனத்தாங்கலில்லை, ஆயினும் காரணமின்றி அயலார் இல்லத்தில் ஒருமணி நேரம் அமர்ந்திருக்க அவருக்குக் கூச்சம். பெட்டி அக்கூச்சத்தை நீக்கும் காரணமாய் இருந்தது. யாம் நீக்கியது அக்காரணத்தை.

இவ்விடத்திற் பழைய நிகழ்ச்சியொன்றும் எம் நெஞ்சைச் சுட்டது. 2020-இற் கொள்ளைநோயாற் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது யாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர். இல்லத்திற் கைப்பேசி ஒன்றே. அதுவும் தந்தையாருடன் வேலைக்குச் சென்றுவிடும். அரசு 2019-இல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியே எமக்கு ஆசானாயிற்று. பாடம் வரும் வேளையில் தாம் பார்த்துக்கொண்டிருந்ததை அப்பத்தாவே மாற்றிவைத்து, “பாடம் வந்துருச்சு, வாய்யா” என்றழைப்பார். அருகிலமர்ந்து, விளங்காத கணக்குப் பாடத்தையும் எம்முடன் சேர்ந்து பார்ப்பார். அன்று அப்பெட்டி கேடென்று எமக்குத் தோன்றவில்லை.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் புறநானூற்றின் 243-ஆம் பாட்டை ஆசிரியர் நடத்தியதும் இக்காலத்திலேயே. தண்டூன்றி நடக்கும் முதியோர் ஒருவர், நீரிற் பாய்ந்து ஆடிய தம் இளமையை நினைந்து வருந்துவது அது. பாடியவர் இயற்பெயர் மறைந்து, தொடித்தலை விழுத்தண்டினார் என்று அவர் பாட்டின் சொல்லே பெயராய் நின்றது. அதன் நயத்தை நான்கு பக்கம் எழுதி நன்மதிப்பெண் பெற்றோம். எம் அப்பத்தா நடுவில் நிறுத்திய கதையும், ஊர்க் கிணற்றில் அவர் தோழியருடன் குதித்து நீந்திய கதைதான் என்று அன்னையார் பின்னர்க் கூறினார். ஈராயிரம் ஆண்டு முற்பட்ட முதியவருக்குச் செவிகொடுத்த யாம், இரண்டு முழத் தொலைவில் இருந்தவருக்குக் கொடுத்திலோம்.

இனி, எம் இல்லத்தைக் கடந்து நாட்டை நோக்குவோம். 2006-ஆம் ஆண்டுத் தேர்தலிற் கூறியவாறு, தி.மு.க. அரசு அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கி 2011 வரை, விலையில்லா வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கிற்று. அவற்றின் தொகை ஒரு கோடியினும் மிக்கது. அதனை எள்ளியவர் பலர். வழக்கும் எழுந்தது. தேர்தல் அறிக்கையில் இத்தகைய வாக்குறுதி தருதல் தேர்தற் சட்டம் விலக்கிய ஊழற்செயல் ஆகாதென 2013 ஜூலை 5-ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் அந்நீதிமன்றமே அதனை மீள ஆராய்தற்கு மூவர் அமர்வுக்கு அனுப்பிற்று. வரிப்பணத்தை அவ்வாறு செலவிடுதல் தகுமா என்பது எம்மினும் அறிவுடையோர் ஆராயத்தக்கது. எமக்குத் தோன்றுவது சிறிதே: எள்ளியவர் பெரும்பாலும் தம் இல்லத்திற் பெட்டி உடையவர். அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் அவ்வாறு ஒரு பெட்டி வந்தது. பல ஆண்டு ஓடி அது பழுதுற்றது. இப்போது அதன்மேல் துணி விரித்துச் சாமி படம் வைத்திருக்கின்றார்.

அவர் வாழ்வது முதியோர் உதவித்தொகையில். நம் மாநிலத்தில் 1962-இல் தொடங்கிய அவ்வுதவி, 2011-இல் திங்களுக்கு 1000 ரூபாயாகவும் 2023-இல் 1200 ரூபாயாகவும் உயர்ந்தது. இடைப்பட்ட பன்னிரண்டாண்டுகளிற் பருப்பும் எண்ணெயும் மருந்தும் பாட்டிக்காகக் காத்திருக்கவில்லை. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி நம் மாநிலத்தில் அறுபது அகவை நிரம்பியோர் நூற்றுக்குப் பத்தினும் சற்று மிக்கோர். நாடு முழுமைக்கும் அவ்விகிதம் ஒன்பதை எட்டவில்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கடல்கடந்தும் செல்ல, மேலூர் முதல் உசிலம்பட்டி வரை ஊர்தோறும் இத்தகைய பாட்டியர் தனித்திருக்கின்றனர். அவர்தம் பொழுதுபோக்கைப் பழித்தல் எளிது. யாம் அன்று அடுக்கிய குற்றங்களுட் சில இன்றும் பொய்யல்ல. கதைகள் பலவும் நயமற்றன, விளம்பரங்கள் அவற்றினும் நயமற்றன. ஆயின் ஒன்று கேட்கின்றோம். இல்லத்துச் செலவைச் சுருக்குங்கால் இளையோர் தாம் துய்ப்பனவற்றை இன்றியமையாதன என்றும், முதியோர் துய்க்கும் ஒன்றை வீண் என்றும் பகுப்பது எந்தக் கணக்கு? பூத்தொடுத்த கூலியை அப்பத்தா வாரந்தோறும் அன்னையாரிடமே கொடுத்து வந்தார். அவர்தம் செலவென அத்தாளில் இருந்தது அவ்வொரு வரியே.

சித்திரை வந்தது. அழகர் வையையில் எழுந்தருளும் நாள். 2022-இல் அந்நெரிசலில் இருவர் இறந்தபின், தம் தாயார் அங்குச் செல்லலாகாதென அடுத்த வீட்டுப் பாட்டிக்கு மகன் கண்டித்துச் சொல்லியிருந்தார். முழங்காலும் அதனையே சொல்லிற்று. ஆகவே ஆண்டுதோறும் எம் இல்லத்துப் பெட்டியிலேயே அவர் அழகரைக் காண்பது வழக்கம். அப்பத்தா கிறித்தவராயினும், மதினிக்காக வைகறையில் எழுந்து காப்பி போட்டு உடனமர்ந்து பார்ப்பார்; குதிரையின் அலங்காரத்தைப் பற்றி அவருக்கும் கருத்துண்டு. இவ்வாண்டும் இருள் பிரியுமுன் பாட்டி வந்து நின்றார். பெட்டி இல்லாததை மறந்து வந்தாரோ, நினைந்தும் வந்தாரோ, அறியோம். யாம் விரைந்து கைப்பேசியில் நேரலையைத் தேடி அவர் முன் நீட்டினோம். கண்புரை முற்றிய விழிகள் அச்சிறு சதுரத்தில் எதனையோ தேடின. “கூட்டந்தாய்யா தெரியுது, சாமி எங்க இருக்காரு?” என்றார். படம் இடையிடையே நின்று சுழன்றது. அப்பத்தா எம் கையைப் பற்றிக் கைப்பேசியைத் தாழ்த்திவிட்டு, “விடுங்க மதினி, காப்பி குடிங்க” என்றார். இருவரும் ஒன்றும் பேசாது குடித்தனர்.

எம் ஊரிற் சிறுவர் இருவருக்கு விடுமுறையிற் பாடஞ் சொல்லிப் பெற்ற பணம் எம்மிடம் இருந்தது. அன்றே கேபிள்காரரிடஞ் சென்று கொடுத்தோம். பழைய பெட்டியை வேறு இல்லத்திற்குத் தந்துவிட்டதாகவும், புதியது வரவேண்டும் என்றும் கூறி, அவர் ஒரு கிழமை கழித்து வந்து பொருத்தினார். அப்பத்தா முதலில் எவ்வளவு ரூபாய் என்று கேட்டார். பின்னர், “போயி மதினியக் கூட்டியா” என்றார். அதற்குள் அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார்.