பட்டதாரிக்கும் ஒரு கங்காணியா?

மைசூரில் கூலி வேலைக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று பட்டம் பெற்று வருகிறார்கள். சித்தாளாகச் செங்கல் சுமந்த தாயின் மகள் ஆங்கில இலக்கியம் படித்துத் தேறியிருக்கிறாள். இது நாம் வியர்வை சிந்திப் பெற்ற வெற்றி. ஆனால் அந்த வெற்றியின் வாசலிலேயே ஒருவன் வந்து நிற்கிறான். "தாய்லாந்தில் ஆங்கில வாத்தியார் வேலை, வியட்நாமில் கை நிறையச் சம்பளம், பட்டம் இருந்தால் போதும், ஒன்றரை லட்சம் கட்டுங்கள், அடுத்த மாதம் விமானம்" என்கிறான். தாயின் தாலிச் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது.

பிள்ளைகளே, போகாதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு அப்படிச் சொல்ல உரிமையும் இல்லை. யாரை நம்பி, எந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போகிறோம் என்பதே கேள்வி.

முன்பும் நம்மவர்கள் ஆசிரியர்களாகக் கடல் கடந்திருக்கிறார்கள். மன்னர் ஹைலி செலாசியின் ஆட்சியில், 1974 புரட்சிக்கு முன்பு, எத்தியோப்பியப் பள்ளிகளில் ஏராளமான இந்திய ஆசிரியர்கள் பாடம் நடத்தினார்கள். 1970களில் எண்ணெய்ப் பணம் பெருகிய நைஜீரியாவுக்கும் போனார்கள். மாலத்தீவுப் பள்ளிகளில் இன்றும் இருக்கிறார்கள். ஆசிரியர் தேவைப்பட்ட நாடுகள் அழைத்தன. ஒப்பந்தம் போட்டுப் போனார்கள். இன்று நம் வாசலில் நிற்பவன் காட்டும் வழியோ வேறு. சுற்றுலா விசாவில் ஏற்றி அனுப்பிவிட்டு, "அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறான்.

தோழர்களே, சுற்றுலா விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்வது தாய்லாந்திலும் குற்றம், வியட்நாமிலும் குற்றம். இரண்டு நாட்டிலும் வேலை அனுமதிச் சீட்டு வேண்டும். அது இல்லாதவள் சம்பளம் கேட்டு யாரிடம் போவாள்? போலீசுக்குப் போனால் முதலில் பிடிபடுவது அவள்தான். இது முதலாளிக்கு நன்றாகத் தெரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆங்கிலம் கற்பிக்கும் சந்தையில் அறிவுக்கு முன்னால் பாஸ்போர்ட்டைத்தான் பார்க்கிறார்கள். தென் கொரியா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டாருக்கே ஆங்கில ஆசிரியர் விசாவை வழக்கமாகக் கொடுக்கிறது. 2010 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த இந்திய-கொரிய வணிக ஒப்பந்தம் நமக்கும் ஒரு கதவைத் திறந்தது. ஆனால் பள்ளிகளில் துணை ஆசிரியராக மட்டும்! அதற்கும் ஆசிரியர் தகுதிச் சான்று வேண்டும். ஆகவே ஏஜெண்டுக்குக் கொட்டும் பணத்தை பி.எட். படிப்புக்குச் செலவிடுங்கள். ஆசிரியர்களை உருவாக்கும் மத்திய அரசின் மண்டலக் கல்வி நிறுவனம் 1963 முதல் நம் மைசூரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பிள்ளைகள் தேடி வந்து படிக்கும் அந்த வாசலை, பக்கத்துத் தெருவில் இருக்கும் நாம் எட்டிப் பார்த்தோமா?

இலங்கைத் தோட்டங்களில் "துண்டு" என்று ஒரு சீட்டு இருந்தது. தொழிலாளி பட்ட கடன் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் அந்த முறை சட்டத்தால் ஒழிந்தது. இன்று பட்டச் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, "கடனைக் கட்டு, பிறகு போ" என்பவன் அதே துண்டைத்தான் நீட்டுகிறான். இந்தியச் சட்டப்படி பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைக்க எந்த ஏஜெண்டுக்கும் உரிமை கிடையாது.

அரசின் ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. பத்தாவது தேறாத கொத்தனார் வளைகுடாவுக்குப் போனால், குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். பத்தாவது தேறியவருக்கு அந்தச் சோதனை இல்லை. படித்தவன் ஏமாற மாட்டான் என்று எண்ணிவிட்டார்கள்! தாய்லாந்தில் வேலை என்று படித்த இளைஞர்களை ஆசைகாட்டி, மியான்மரில் கொண்டுபோய் அடைக்கிறார்கள் என்று 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்க வேண்டி வந்தது. பட்டதாரியின் ஒப்பந்தத்தையும் அரசு சரிபார்க்க வேண்டும். இதுவே நம் கோரிக்கை.

அதுவரை நாமே காவல் இருப்போம். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்ற ஏஜெண்டா என்று அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் வரியும்தான். அதற்கு மேல் ஒரு காசு கேட்டாலும் சட்டவிரோதம். பள்ளியின் பெயர், சம்பளம், வேலை நேரம், திரும்பி வரும் பயணச் செலவு ஆகியவை எழுதிய ஒப்பந்தமும் வேலை விசாவும் கையில் வராமல் நகையை அடகு வைக்காதீர்கள். தாள்களைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.

நம் பாட்டன்மார் கைநாட்டு வைத்துக் கப்பலேறினார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆங்கிலம் கற்பிக்கப் போகும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதிய ஒப்பந்தத்தை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்திடட்டும்!